நிக்காஹ் மண்டபம் கட்டலாம், கார்களை எங்கே நிறுத்துவது?



மேலத்தெருவின் கோடியில் நம் அறக்கட்டளைக்கு 20 சென்ட் இடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் நூல் கிடங்காக இருந்து, இப்போது முள் மண்டிக் கிடக்கும் இடம். அங்கே 600 பேர் அமரக்கூடிய திருமண மண்டபம் கட்டுவது என்றும், அதன் வாடகை வருமானத்தை மாணவர் கல்வி உதவிக்கும் ஆதரவற்ற பெண்களின் மாத உதவிக்கும் ஒதுக்குவது என்றும் நிர்வாகக் குழுவில் பேசி, இந்த இதழிலும் அறிவித்திருந்தோம். பலரும் துஆ செய்தீர்கள். சிலர் நன்கொடையும் எழுதிக் கொடுத்தீர்கள்.

அறிவிப்பு வெளியான பிறகு மேலத்தெருவாசிகளிடமிருந்து ஒரு மனு வந்தது. மண்டபம் வந்தால் தெருவில் போக்குவரத்து முடங்கும், வண்டி நிறுத்த இடமிருக்காது என்பதே அதன் சாரம். அதில் நம் ஜமாஅத்தாரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள், தெருவின் மறுகோடியில் வசிக்கும் இந்துச் சகோதரர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். "நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறார்களே" என்று எங்களில் சிலருக்கு வருத்தம். உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு நாட்கள் எனக்கும் அந்த வருத்தம் இருந்தது. அதன் பிறகு நடந்ததையும், நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கையும் உங்கள் முன் வைக்கிறேன். இது உங்கள் அறக்கட்டளை. முடிவெடுக்கும் முன் விவரம் முழுவதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஜனாஸா போக வழியில்லாத நாள்

மனு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தெருவில் ஒரு வீட்டில் வலீமா. பந்தல் போட்டு, மொட்டை மாடியில் விருந்து. நானும் போயிருந்தேன். வெயிலாக இருந்ததால் காரை எடுத்துக்கொண்டு போய், வாருகால் ஓரமாக நிறுத்திவிட்டு மாடிக்கு ஏறினேன். என்னைப் போலவே இரு பக்கமும் பலர் நிறுத்தியிருந்தார்கள்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு தெருவின் உள்பக்கத்திலிருந்து ஒரு ஜனாஸா வந்தது. சந்தூக்கைத் தோளில் வைத்து இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்து நடக்க வழியில்லை. கார்களுக்கு நடுவே ஒவ்வொருவராக ஒதுங்கி, ஓரிடத்தில் சந்தூக்கைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு வண்டியின் மேலாகக் கடத்தித்தான் கொண்டுபோனார்கள். அந்த வண்டி என்னுடையது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்குவதற்குள் ஜனாஸா கடந்துவிட்டது.

மறுநாள் மனுவில் முதல் கையெழுத்து போட்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். "பாய், மண்டபம் வேண்டாம்னு நான் சொல்லலை. நேத்து உங்க ஆளுங்க பட்ட பாட்டை நானும் பார்த்தேன். வாரம் ரெண்டு கல்யாணம்னா என்ன ஆகும்னுதான் கேக்கிறேன்" என்றார். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடித்தான் அளவு நாடாவுடன் தெருவில் இறங்கினோம்.

தெருவின் அளவு

மேலத்தெரு வாருகால் நீங்கலாக 20 அடி அகலம், 500 அடி நீளம். ஒரு கார் ஓரமாக நின்றால், கண்ணாடியும் கதவு திறக்கும் இடமும் சேர்த்து 7 அடி போய்விடும். ஒரு பக்கம் மட்டும் கார்கள் நின்றால் 13 அடி மிச்சம். இரு பக்கமும் நின்றால் 6 அடிதான் மிச்சம். ஆம்புலன்ஸ் நுழைய அது போதாது. தீயணைப்பு வண்டி போன்ற பெரிய வாகனங்கள் 2.6 மீட்டர் வரை, அதாவது எட்டரை அடி அகலம் இருக்கலாம். ஆக, இரு பக்கமும் கார் நிற்கும் நேரத்தில் உள்ளே ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் பற்றிக்கொண்டால் வண்டி தெருமுனையிலேயே நிற்க வேண்டியதுதான்.

600 பேர் வந்தால்

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் நம்மூர்க் கல்யாணங்களைப் பார்த்தவர்கள் இதை மிகை என்று சொல்ல மாட்டார்கள். 600 விருந்தினரில் 200 பேர் உள்ளூர், நடந்தே வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் 150 பேர் இரண்டு மூன்று பஸ், வேன்களில் வருகிறார்கள். 120 பேர் இருவர் இருவராக 60 இரு சக்கர வாகனங்களில் வருகிறார்கள். மீதி 130 பேர் காருக்கு நான்கு பேராக வந்தால் 33 கார்கள்.

இனி இடத்தைப் பார்ப்போம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி ஒரு கார் நிறுத்துமிடம் இரண்டரை மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். இரு சக்கர வாகனத்துக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர். கார் நிற்கும் இடம் மட்டும் ஏறக்குறைய 135 சதுர அடி. வண்டி உள்ளே வந்து திரும்பி வெளியே போகும் பாதையையும் சேர்த்தால் அதைப் போல இரண்டு பங்கு, அதாவது ஒரு காருக்கு 270 சதுர அடி தேவை. 33 கார்களுக்கு 8,910 சதுர அடி.

நம் மனை மொத்தமே 20 சென்ட், 8,712 சதுர அடி. கட்டடமே இல்லாமல் மனை முழுவதையும் விட்டாலும் கார்களுக்கு இடம் போதாது.

கட்டடம் போக நமக்குக் கிடைக்கும் திறந்தவெளி ஏறக்குறைய 4,000 சதுர அடி. 60 இரு சக்கர வாகனங்களுக்கு நடைவழியோடு சேர்த்து 2,000 சதுர அடி போய்விட்டால், மிச்சத்தில் 7 கார்கள் நிற்கும். 26 கார்கள் தெருவுக்குத்தான் வரும். ஒரு காருக்கு 20 அடி நீளம் என்று வைத்தால் 520 அடி. தெருவின் ஒரு பக்கம் முழுவதும் நிறைந்து, இன்னும் ஒரு கார் மிஞ்சும். அந்தப் பக்கத்து வீட்டு வாசல்கள் எல்லாம் அடைபட்டுப்போகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணக் கூட்டம் மற்றக் கூட்டத்தைப் போன்றது அல்ல. கடைக்கு வருபவர் பத்து நிமிடத்தில் போய்விடுவார். அவர் இடத்தில் அடுத்தவர் நிறுத்தலாம். நிக்காஹுக்கு வருபவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து, குத்பா கேட்டு, பிரியாணி சாப்பிட்டு, ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். கணக்கில் உள்ள 93 வண்டிகளும் அரை மணி நேரத்தில் வந்தால் இருபது வினாடிக்கு ஒரு வண்டி. ஒரு கார் ரிவர்ஸ் எடுத்து உள்ளே நுழைய ஒரு நிமிடம் ஆனால், அதன் பின்னால் வரிசை தெருவில்தான் நிற்கும். பஸ் 20 அடித் தெருவில் திரும்பவே முடியாது. பண்டாரியின் சாமான் வண்டி, தண்ணீர் லாரி, பந்தல்காரர் வண்டி எதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

விதிப்படி போதும் என்றால்?

நம் பொறியாளர், "வரைபடத்தில் விதி கேட்கும் வண்டி நிறுத்துமிடத்தைக் காட்டிவிடலாம், அனுமதி கிடைக்கும்" என்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். விதி கட்டடத்தின் பரப்பளவை வைத்துக் குறைந்தபட்ச அளவைச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு இந்த 20 அடித் தெரு என்ன ஆகும் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் சொல்லும் வேறு சில விஷயங்களும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை.

வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடம் என்று காட்டிய இடத்தைப் பிறகு கடையாகவோ சாப்பாட்டுக் கூடமாகவோ மாற்றினால் அது அனுமதி மீறல். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் கீழ் அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கலாம். பல ஊர்களில் தரைத்தள நிறுத்துமிடங்கள் பாத்திரக் கிடங்காகிப் போனதைப் பார்த்திருப்பீர்கள். நம் பெயரில் அப்படி ஒன்று நடக்கக்கூடாது.

கட்டி முடித்த பிறகும் திருமண மண்டபத்துக்குப் பொதுக்கட்டட உரிமம் வேண்டும். அதற்கான 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

ஆபத்தோ இடைஞ்சலோ தரும்படி சாலையில் வண்டியை விட்டுச் செல்வது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 122-ஆவது பிரிவுப்படி குற்றம். மண்டபத்தின் முன் நிற்கும் வண்டிக்கு அதன் ஓட்டுநர்தான் பொறுப்பு, "மண்டபத்துக்காரங்க நிறுத்தச் சொன்னாங்க" என்பது பதிலாகாது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 194-இ பிரிவுப்படி, ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

மனு கொடுத்தவர்கள் நம்மிடம் கேட்காமலேயே, தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் அலுவலகத்தில் வரைபட விவரங்களைக் கேட்கலாம். 30 நாட்களில் பதில் வர வேண்டும். அப்படி ஒரு நிலை வருவதற்கு முன் நாமே வரைபடத்தை அவர்களுக்குக் காட்டிவிடுவது முறை என்று முடிவு செய்து, அறக்கட்டளை அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறோம்.

பாதையின் உரிமை

இந்த விஷயத்தில் நம் மார்க்கம் ஏற்கெனவே தெளிவாகப் பேசியிருக்கிறது. பாதையில் உட்காருவதைத் தவிருங்கள், உட்கார்ந்தே ஆக வேண்டுமானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்த உரிமைகளில் ஒன்று, கடந்து செல்பவர்களுக்குத் தொல்லை தராமல் இருப்பது. பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகவும் எண்ணினார்கள்.

பாதையின் அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்று தீர்ப்பளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஒரு முழம் ஒன்றரை அடி என்று கொண்டால் பத்தரை அடி. சுமை ஏற்றிய இரண்டு ஒட்டகங்கள் எதிரெதிரே வந்தாலும் கடந்து போக அது போதும் என்று விளக்குவார்கள். இன்றைய தீயணைப்பு வண்டியும் அதில் போய்விடும் என்பதை அளந்து பார்த்தபோது, இத்தனை ஆண்டுகள் அந்த ஹதீஸைச் சொல்லிக்கொண்டே இருந்தும் ஒரு நாளும் தெருவில் வைத்து அளக்கவில்லையே என்று தோன்றியது.

மதரஸாவில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் ஓதியவர்களுக்கு நினைவிருக்கும். பொதுப் பாதையில் நடப்பவர்களுக்கு இடைஞ்சலாக எதையும் செய்யக்கூடாது என்றும், பாதையில் திண்ணை கட்டுவது, மரம் நடுவது ஆகியவை கூடாது என்றும் அதில் சட்டம் வருகிறது. மறுபக்கம் வழியில்லாத முட்டுச்சந்தாக இருந்தால், அந்தச் சந்துவாசிகளின் சம்மதம் இல்லாமல் பாதையின் மேலே எதையும் நீட்டக்கூடாது. காயல்பட்டினத்தில் பெண்கள் நடந்து போவதற்கென்றே வீடுகளுக்கு இடையே முடுக்கு விட்டுக் கட்டினார்கள் நம் முன்னோர். தன் மனையில் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, நடப்பவருக்கு வழி வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள்.

கல்வி உதவிக்கு வருமானம் தேடுவது நல்ல காரியம். அதற்காக அண்டை வீட்டாரின் வாசலை அடைக்க நமக்கு அனுமதி இல்லை.

என்ன வழிகள் உள்ளன?

நான்கு வழிகளை நிர்வாகக் குழு ஆராய்ந்தது. நன்மை தீமை இரண்டையும் எழுதுகிறேன்.

முதலாவது, ஈத்கா மைதானத்தில் கார்களை நிறுத்துவது. பலரும் சொன்ன யோசனை இது. ஈத்கா தொழுகைக்காக வக்ஃபு செய்யப்பட்ட இடம். வக்ஃபு செய்தவரின் நோக்கத்துக்கு மாறாக அதைப் பயன்படுத்த நமக்கு உரிமை இல்லை. உலமாக்களின் தீர்ப்பும் வக்ஃபு வாரியத்தின் எழுத்துபூர்வமான அனுமதியும் இல்லாமல் இந்த யோசனையைத் தொடப் போவதில்லை.

இரண்டாவது, தெருவை ஒருவழிப் பாதையாக்குவது. இது உதவும். ஆனால் நாமே ஒரு பலகை எழுதி மாட்டினால் அது சட்டமாகாது. காவல் துறையும் நகராட்சியும் பார்த்து, முறையான உத்தரவு வர வேண்டும். மேலும், ஒருவழியாக்கினால் ஓட்டம் சீராகுமே தவிர நிற்கும் வண்டிகள் குறையாது.

மூன்றாவது, மெயின் ரோட்டில் மூடிக் கிடக்கும் ரைஸ்மில் களத்தை வாடகைக்கு எடுத்து, கார்களையும் பஸ்களையும் அங்கே நிறுத்தச் செய்வது. அங்கிருந்து மண்டபத்துக்கு ஐந்து நிமிட நடை. முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் ஆட்டோ ஏற்பாடு செய்யலாம். உரிமையாளர் வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார். வாய்ச்சொல் போதாது. நாளை அவர் களத்தை விற்றுவிட்டால் எல்லாக் கார்களும் மேலத்தெருவுக்கே திரும்பும். பல ஆண்டுகளுக்கான, பதிவு செய்த குத்தகைப் பத்திரம் கைக்கு வந்த பிறகே இதை வழி என்று கணக்கில் எடுக்க முடியும்.

நான்காவது, மண்டபத்தைப் பாதியாகக் குறைப்பது. அதே விகிதத்தில் 300 பேருக்குக் கணக்கிட்டால் 30 இரு சக்கர வாகனங்கள், 17 கார்கள். நம் 4,000 சதுர அடித் திறந்தவெளியில் வாகனங்கள் 30-உம் கார்கள் 11-உம் நிற்கும். மீதி 6 கார்களும் பஸ்ஸும் ரைஸ்மில் களத்துக்குப் போக வேண்டும். தெருவில் ஒன்றும் நிற்காது.

மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துச் செய்வதே சரி என்பது என் கருத்து. குழுவில் எல்லாரும் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடகை வருமானம் குறையும், அதனால் உதவி பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையும் என்று அவர்கள் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை. ஆனால் 300 பேர் மண்டபம் வந்தால் நடுத்தரக் குடும்பங்கள் கடன் வாங்காமல் சிறிய அளவில் நிக்காஹ் நடத்த அது ஒரு வாய்ப்பாகவும் இருக்கும். எளிமையான திருமணம் பற்றி ஒவ்வொரு இதழிலும் எழுதும் நாம், 600 பேரை அழைக்கத் தூண்டும் கட்டடத்தையா கட்டுவது?

இதோடு சில நிபந்தனைகளையும் முன்பதிவுப் படிவத்திலேயே எழுத உத்தேசம். பள்ளிக்கூடம் விடும் மாலை நேரத்திலும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் விருந்தினர் வருகை இருக்கக்கூடாது. பஸ், வேன் எதுவும் தெருவுக்குள் நுழையக்கூடாது. அழைப்பிதழிலேயே வண்டி நிறுத்துமிடத்தை அச்சிட வேண்டும். தெருமுனையில் இரண்டு ஆட்கள் நின்று வண்டிகளை வழிநடத்த வேண்டும், அவர்கள் கூலி வாடகையிலேயே அடங்கும். தெருவில் ஏழு முழப் பாதை எந்த நேரமும் காலியாக இருக்க வேண்டும். மீறினால் முன்பணத்தில் பிடித்தம் செய்து, அந்தத் தொகையைக் கல்வி நிதியில் சேர்ப்போம்.

நம் வீட்டு வாசலிலிருந்து

மண்டபம் வரட்டும், வராமல் போகட்டும். தெருவை அளந்த அன்று இன்னொன்றையும் பார்த்தோம். 20 அடித் தெருவில் பல இடங்களில் 15 அடிதான் இருக்கிறது. வீட்டுப் படிகளும், பைக் ஏற்றும் சாய்தளங்களும், வேலை முடிந்தும் அள்ளாத மணலும் ஜல்லியும், கடைப் பலகைகளும் மீதியை எடுத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை நம் வீடுகள், நம் கடைகள். மனு கொடுத்தவர்கள் வீட்டு முன்பும் உண்டு, மண்டபம் கேட்பவர்கள் வீட்டு முன்பும் உண்டு.

ஜும்ஆவுக்கு வரும்போது பள்ளிவாசல் எதிரே உள்ள வீடுகளின் வாசலை மறித்து நிறுத்துகிறோம். "பத்து நிமிஷம்தானே" என்கிறோம். பிரசவ வலி வந்த பெண்ணுக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெரியது என்று வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். நடந்து வரக்கூடிய தூரத்தில் உள்ளவர்கள் நடந்தே வரலாம். பள்ளிக்கு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்பதை நாம் அறிவோம். நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஊருக்குள் காரை எடுப்பதில்லை.

அடுத்து என்ன?

வரைபடம் இன்னும் நகராட்சிக்குக் கொடுக்கப்படவில்லை. தெருவாசிகள் எல்லாரையும், மனுவில் கையெழுத்திட்ட இந்துச் சகோதரர்களையும் சேர்த்து, அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு கூட்டம் கூட்டுவோம், இன்ஷா அல்லாஹ். தேதியைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் போடுவோம். பெண்களுக்கு மதரஸா மாடியில் தனி இடம் இருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போய் வருபவர்கள் அவர்கள்தான், எந்த மணிக்கு எங்கே நெரிசல் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வர முடியாதவர்கள் ஒரு தாளில் எழுதி அலுவலகப் பெட்டியில் போடுங்கள். "வேண்டும்", "வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், உங்கள் வீட்டு முன் தெரு எத்தனை அடி, எந்த நேரத்தில் சிரமம், எந்த மாற்றம் செய்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். கூட்டத்தில் ஒவ்வொன்றையும் வாசிப்போம்.

600 பேர் மண்டபத்துக்காக நன்கொடை எழுதியவர்கள், திட்டம் மாறினால் தங்கள் தொகையைத் திரும்பப் பெறலாம், அல்லது நேரடியாகக் கல்வி நிதிக்கு மாற்றச் சொல்லலாம். நீங்கள் சொல்லாமல் ஒரு ரூபாயையும் வேறு கணக்குக்கு மாற்ற மாட்டோம்.

அன்று ஜனாஸாவாகச் சென்றவரின் வீட்டாரிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவருடைய மகன், "பரவாயில்லை காக்கா, வாப்பாவைத் தூக்கிக் கடத்திவிட்டோம். அடுத்தவங்களுக்கு அப்படி ஆகாம பார்த்துக்கிடுங்க" என்றார். மண்டபம் பற்றி நாம் எடுக்கும் முடிவு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அல்லாஹ் நமக்கு நல்வழி காட்டுவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்